கனடாவில் நோட்டரி முன் கையெழுத்திட்ட பவர் பத்திரம் தமிழ்நாட்டில் செல்லுமா?

காவிரிக்கரைப்பெண் | 2024 செப்டம்பர் 3

அனைவருக்கும் வணக்கம். நான் டொராண்டோவை அடுத்த மிசிசாகாவில் வசிக்கிறேன். கனடியக் குடியுரிமை பெற்றவள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. அப்பா காலமான பிறகு கும்பகோணம் பக்கம் உள்ள எங்கள் வீடு அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவருக்கும் வந்தது. விற்பதென்று முடிவு செய்து, வாங்குபவரிடம் முன்பணமும் வாங்கி, ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. என் பங்குக்கு நான் நேரில் வர முடியாத நிலை. எனவே அண்ணனுக்குப் பவர் எழுதி, இங்கே ஒரு வழக்கறிஞர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவருடைய நோட்டரி முத்திரையோடு கூரியரில் அனுப்பினேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. “இது யார் வைத்த முத்திரை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தியத் தூதரகச் சான்று வாங்கி வாருங்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இங்குள்ள வழக்கறிஞரோ, கனடா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு உறுப்பு நாட்டின் ஆவணத்தை அந்நாட்டு அரசின் ஒரே சான்றுத் தாளோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் உடன்படிக்கை) சேர்ந்துவிட்டது, தூதரகம் போகவே தேவையில்லை என்கிறார். அண்ணன் கேட்ட பத்திர எழுத்தர், தூதரக முத்திரை இல்லாத பவரைத் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? ஒப்பந்தத்தின் கெடு நெருங்குகிறது. அம்மா தினமும் போன் செய்து கேட்கிறார்.

---

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் | செப்டம்பர் 3

அம்மா, மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பதற்றப்படாமல் படியுங்கள்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 33. பவர் எழுதிக்கொடுப்பவர் இந்தியாவில் வசிக்காதவர் என்றால், அவர் யார் முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம் என்று அந்தப் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் துணைத் தூதர், மத்திய அரசின் பிரதிநிதி. தூதர் மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. வரிசையில் முதலில் நிற்பவரே நோட்டரிதான்.

வெளிநாட்டு நோட்டரியும் இதில் அடங்குவாரா என்ற கேள்வி 1970லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜுக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் வழக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நோட்டரி முன் எழுதப்பட்ட பவர் அது. அடங்குவார் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த மனிதர் இரண்டு பவர் எழுதியிருந்தார். முதல் பவரில் நோட்டரி முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. ஆனால் கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று நோட்டரி தன்னைத் திருப்திப்படுத்திக்கொண்டதற்கான வாசகம் இல்லை. அது குறையுள்ளது என்றது நீதிமன்றம். முறையாகச் சான்றளிக்கப்பட்ட இரண்டாவது பவர்தான் காப்பாற்றியது.

எனவே முதல் கேள்வி: உங்கள் நோட்டரி எழுதியிருக்கும் வாசகம் என்ன? அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வி இதைவிட அவசரமானது: உறை அண்ணன் கைக்கு வந்த தேதி என்ன? வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியாவுக்குள் முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்திய முத்திரைச் சட்டம், பிரிவு 18. தமிழ்நாட்டில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ‘அட்ஜுடிகேஷன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். கூரியர் உறையையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அண்ணனிடம் உடனே சொல்லுங்கள். வந்து சேர்ந்த நாளுக்கு அதுதான் சாட்சி. தீர்வை செலுத்தாமல் நேராகச் சார்பதிவாளரிடம் போனால், முத்திரை யாருடையது என்ற பேச்சு வராவிட்டாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

---

மதுரை வழக்குரைஞர் | செப்டம்பர் 4

பெரியவர் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் ஒன்று சேர்க்கிறேன். வாய்மொழியாகத் திருப்பிக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு ஆவணத்தைப் பதிவு செய்ய மறுத்தால், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டியது சார்பதிவாளரின் கடமை (பதிவுச் சட்டம், பிரிவு 71). அந்த உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 72). சட்டம் நோட்டரியை அனுமதிக்கும்போது தூதரகச் சான்று கேட்பது அதிகாரிகளின் பழக்கம் மட்டுமே. மக்கள் ஒவ்வொருவரும் பணிந்து போவதால்தான் இந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

---

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் | செப்டம்பர் 4

வழக்குரைஞர் ஐயாவின் கோபம் நியாயமானது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒப்பந்தக் கெடு இருக்கிறது. மேல்முறையீட்டில் வென்று வருவதற்குள் வாங்குபவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார். மேலும், சார்பதிவாளரின் கேள்வி வெறும் பிடிவாதம் அல்ல. ஒன்டாரியோவில் எத்தனையோ ஆயிரம் வழக்கறிஞர்கள் இருப்பார்கள். அதில் ஒருவருடைய கையெழுத்து உண்மையானதா என்று கும்பகோணத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? போலிப் பவர் வைத்து வெளிநாட்டில் இருப்பவர்களின் சொத்தை விற்ற கதைகள் நம் ஊரில் குறைவா? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அப்போஸ்டில் இருக்கிறது. அதை வாங்கிவிட்டால் சார்பதிவாளரின் சந்தேகமும் தீரும், உங்கள் கனடா வழக்கறிஞர் சொன்னதும் நிறைவேறிவிடும்.

---

காவிரிக்கரைப்பெண் | செப்டம்பர் 4

மிக்க நன்றி ஐயா. நோட்டரி வாசகம் எதுவுமே இல்லை. என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து, தேதி, தாளில் அழுத்திப் பதித்த முத்திரை, அவ்வளவுதான். உறை ஜூலை கடைசியில் வந்தது; ரசீதை அண்ணன் பத்திரமாக வைத்திருக்கிறார். இந்தப் பவரையே திரும்ப வரவழைத்து இங்கே அப்போஸ்டில் வாங்கலாமா?

---

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் | செப்டம்பர் 4

வேண்டாம். அடித்தளமே குறையுள்ள ஆவணத்தின் மேல் எத்தனை முத்திரை வைத்தாலும் குறை அப்படியேதான் இருக்கும். புதிதாக ஒன்று எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கும் புதிய ஆவணத்துக்குப் புதிதாகத் தொடங்கும்.

நோட்டரியின் சான்றில், இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன பாஸ்போர்ட் எண்ணுடைய இன்னார் என் முன் நேரில் வந்தார், அவருடைய அடையாளத்தைச் சரிபார்த்துத் திருப்தியடைந்தேன், என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்ற மூன்றும் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் அவருடைய கையெழுத்தும் வேண்டும். உங்கள் புகைப்படத்தின் மேல் முத்திரை பாதி விழட்டும். அழுத்திப் பதிக்கும் முத்திரை ஸ்கேனில் தெரியாது. மைமுத்திரையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சொத்து விவரத்தில் கிராமம், வட்டம், புல எண், உட்பிரிவு, நான்கு எல்லை, அளவு எல்லாம் தாய்ப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டாவில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு உங்கள் பெயர் இருக்கும். கனடியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக நீண்டு நிற்கும். இரண்டும் ஒருவரே என்ற வரி பவருக்குள்ளேயே இருக்கட்டும். இதற்காக மட்டும் திரும்பி வந்த பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

ரொறொன்ரோ தமிழன் | செப்டம்பர் 5

கனடாப் பக்கத்து விவரம் நான் சொல்கிறேன். கனடாவில் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2024 ஜனவரி 11 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒட்டாவாவிலோ மாகாண அலுவலகத்திலோ ஒரு சான்று, பிறகு அந்தந்த நாட்டின் தூதரகத்தில் இன்னொரு சான்று என்று இரட்டை வேலையாக இருந்தது. உங்கள் அண்ணனின் பத்திர எழுத்தர் இதுவரை அப்போஸ்டில் பார்க்காததற்குக் காரணம் இதுதான். அவருடைய அனுபவம் பொய்யல்ல. கனடாவிலிருந்து அப்படி ஒரு தாள் வரத் தொடங்கியே எட்டு மாதம்தான் ஆகிறது.

ஒன்டாரியோவில் நோட்டரி சான்றளித்த ஆவணத்துக்கு ஒன்டாரியோ மாகாண அரசின் ஆவணச் சேவை அலுவலகமே அப்போஸ்டில் கொடுக்கிறது. ஒட்டாவாவுக்கு அனுப்ப வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், கியூபெக் மாகாணங்களிலும் இப்படித்தான். மனிடோபா, நோவா ஸ்கோஷியா போன்ற மற்ற இடங்களில் சான்றளிக்கப்பட்டவையும், மத்திய அரசு கொடுத்த ஆவணங்களும் ஒட்டாவாவில் உள்ள வெளியுறவுத் துறைக்குப் போக வேண்டும். முக்கியமாக, உங்கள் நோட்டரியின் மாதிரிக் கையெழுத்து மாகாண அலுவலகத்தின் கோப்பில் இருக்க வேண்டும். கோப்பில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தான் அப்போஸ்டில் கொடுப்பார்கள். நோட்டரியிடம் போகும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

வாங்கிய தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கும், 1961 அக்டோபர் 5 என்ற ஹேக் ஒப்பந்தத் தேதியோடு. எந்த நாடு கொடுத்தாலும் அந்தத் தலைப்பு மாறாது. அதன் கீழே 1 முதல் 10 வரை எண்ணிட்ட வரிகள்: எந்த நாடு, கையெழுத்திட்டவர் யார், என்ன பதவியில் கையெழுத்திட்டார், எந்த முத்திரை, எந்த ஊர், என்ன தேதி, சான்றளித்தவர் யார், வரிசை எண், அவருடைய முத்திரை, கையெழுத்து. இரண்டாவது வரியில் உங்கள் பெயரைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது நோட்டரியின் பெயர். அந்தத் தாள் உறுதிசெய்வது அவருடைய கையெழுத்தையும் பதவியையும் மட்டும்தான். பவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒன்டாரியோ அரசு படித்துக்கூடப் பார்க்காது. அதனால்தான் பெரியவர் உள்ளே இருக்கும் வாசகத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறார்.

பவரோடு இணைத்த அந்தத் தாளைப் பிரிக்கவே கூடாது. நகலெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றினாலே சந்தேகம் கிளம்பும். கூரியர் கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

---

வல்வெட்டி | செப்டம்பர் 5

இந்த இழையைப் படிக்கும் ஈழத்து உறவுகளுக்காக ஒரு வார்த்தை. மேலே உள்ள அப்போஸ்டில் வழி இலங்கைக் காணிக்குப் பொருந்தாது. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. யாழ்ப்பாணத்துக் காணிக்கு அற்றோணித் தத்துவம் (பவர் பத்திரத்துக்கு எங்கள் பெயர்) எழுதுவதானால் ரொறொன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகத்தான் போக வேண்டும். கனடாவில் இனி எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் போதும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ஆவணம் போகும் நாடும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. எங்கள் வயதானவர்கள் பணத்தைக் கொடுத்து ஏமாறுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

---

அல்குவாஸ் கணக்கர் | செப்டம்பர் 6

துபாயில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஐக்கிய அரபு அமீரகம் உறுப்பு நாடு அல்ல. இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் பவர் அனுப்ப இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திடுவதே நேர்வழி. கத்தாரும் குவைத்தும் அப்படியே. ஓமன், பஹ்ரைன் இரண்டும் முன்பே உறுப்பு நாடுகள். சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. வளைகுடா என்று மொத்தமாகச் சொல்லி ஒருவருக்கு ஒருவர் வழிகாட்டும்போது இதில்தான் குழப்பம் வருகிறது.

---

செவிலியின் கணவன் | செப்டம்பர் 6 அன்று மேலே எழுதியவருக்குப் பதில்

நீங்கள் சொன்ன அமீரகத்துக்கு எதிர்த்திசையில் போகும் ஆவணங்களில் நாங்கள் பட்ட துயரத்தை எழுதுகிறேன். என் மனைவி செவிலியர். வேலைக்காகப் பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், அங்கே போனபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாகச் சான்று வேண்டும். ஒரு முகவர் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகப் பணம் வாங்கினார். சான்றிதழின் பின்புறம் முத்திரைகள் அழகாக இருந்தன. மாநில அரசின் முத்திரை போலி. அடுத்த கட்டத்தில் பிடிபட்டு வேலையே கைநழுவியது. தவறு செய்யாத பெண்ணின் சான்றிதழில் போலி முத்திரை நிரந்தரமாக ஏறிவிட்டது. பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்க அலைந்த அலைச்சல் தனிக்கதை.

வெளியுறவு அமைச்சகம் 2012 ஜூலையிலிருந்து பொதுமக்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. தான் நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாக மட்டுமே வாங்குகிறது. அந்தப் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான்; சேவை நிறுவனத்தின் கட்டணம் தனி. 2019 முதல் சென்னையிலேயே இந்த வேலை நடக்கிறது, டெல்லிக்கு அனுப்பத் தேவையில்லை. டெல்லிச் செலவு என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் இந்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள்.

---

பவேரியா மாணவி | செப்டம்பர் 8

ஜெர்மனிக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டும். இந்தியா 2005 ஜூலை 14 முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஜெர்மனியும் உறுப்பு நாடு. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இரு நாட்டுக்கும் இடையே அது செல்லுபடியாகாது. பிறப்பு, திருமணச் சான்றுகளை இங்குள்ள அதிகாரிகள் தேவைப்பட்டால் இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகம் மூலம் விசாரித்துச் சரிபார்க்கிறார்கள். படிக்க வருபவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்று (கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று) கட்டாயம். உறுப்பு நாடுகளின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு அப்போஸ்டில் வாங்கி வருபவர்கள் இங்கே வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

---

மதுரை வழக்குரைஞர் | செப்டம்பர் 9

காவிரிக்கரை அம்மாவுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் சொத்துக்கான பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2012ல் திருத்தம் வந்தது. வெளிநாட்டில் எழுதப்பட்ட பவருக்கு அதில் விலக்கு உண்டு. பவரையே பதிவு செய்து வாருங்கள் என்று யாராவது சொன்னால், பிரிவு 17ல் உள்ள விலக்கை அண்ணன் எடுத்துக் காட்டட்டும். முத்திரைத் தீர்வை வேறு, பதிவு வேறு. தீர்வை கட்டாயம்.

அப்போஸ்டில் வாங்குங்கள் என்ற பெரியவரின் ஆலோசனையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் சட்டம் கேட்காத தாளைக் குடிமக்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்து வருபவரிடம் அதை விதியாகவே கேட்பார்கள்.

---

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் | செப்டம்பர் 9

கேட்கட்டும் ஐயா. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் சொத்தைக் கள்ளக் கையெழுத்தில் விற்க முடியாமல் செய்யும் தாள் என்றால், அதைக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. நாம் இருவரும் இதில் ஒத்துப்போக மாட்டோம். அதனால் இந்தப் பெண்ணுக்கு நஷ்டம் இல்லை.

அம்மா, புதிய பவரின் வரைவை அண்ணனிடம் கொடுத்து, கையெழுத்திடும் முன்பே அதே சார்பதிவாளரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஏற்கப்போவது அவர்தான். கனடாவில் பத்து பேரைக் கேட்பதைவிட அந்த ஒரு மேசையில் கேட்பது மேல்.

---

காவிரிக்கரைப்பெண் | நவம்பர் 14

ஐயா, வழக்குரைஞர் அவர்களே, அனைவருக்கும் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். நேற்று பத்திரப்பதிவு முடிந்தது.

நீங்கள் சொன்னபடி வரைவை அண்ணன் முன்பே கொண்டுபோய்க் காட்டினார். அப்போஸ்டில் தாளின் மாதிரியையும் அச்செடுத்துக் கொண்டுபோனார். அதிகாரி பொறுமையாகப் பார்த்து, இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, விற்பனைப் பணத்தை வாங்கும் அதிகாரமும் அண்ணனுக்கு உண்டா என்பது தெளிவாக இல்லை. மற்றொன்று, பெயர் வேறுபாட்டுக்கான வரி. இரண்டையும் சேர்த்துப் புதிய நோட்டரியிடம் கையெழுத்திட்டேன். அவருடைய கையெழுத்து மாகாணக் கோப்பில் இருப்பதை முதலிலேயே உறுதிசெய்துகொண்டேன். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அப்போஸ்டில் பற்றிக் கேள்வியே எழவில்லை. கூரியர் உறையில் உள்ள தேதியைத்தான் முதலில் கேட்டார்களாம்.

கிரயத்துக்கு முன் ஒன்று கேட்டார்கள், இங்கே யாரும் குறிப்பிடாதது: பவர் கொடுத்த நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அண்மைத் தேதியிட்ட உயிர்வாழ் சான்று. அதையும் இங்கே வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. கெடுவுக்குள் முடிந்தது வாங்குபவரின் நல்ல மனதால்தான். கெடுவை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அம்மா இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

---

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் | நவம்பர் 14

மிக்க மகிழ்ச்சி அம்மா. உயிர்வாழ் சான்றை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது என்று யாரும் எண்ண வேண்டாம். கிரயத் தேதி முடிவாகாமல் அதை வாங்கினால் பழையதாகிவிடும், கடைசியில் வாங்குவதுதான் சரி. இனி அந்தப் பவர் தேவையில்லை என்பதால், உள்ளூரிலேயே ரத்து ஆவணத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பழைய, குறையுள்ள பவரும் அண்ணன் வீட்டில் கிடக்கும். அதையும் மறக்காமல் எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

---

ஈப்போ மைந்தன் | நவம்பர் 20

மலேசியாவிலிருந்து காரைக்குடி வீட்டுக்குப் பவர் அனுப்ப வேண்டும். இதே வழி எனக்கும் பொருந்துமா?

---

ரொறொன்ரோ தமிழன் | நவம்பர் 20

பொருந்தாது சகோதரரே. மலேசியா ஒப்பந்தத்தில் இல்லை. கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் கையெழுத்திடுங்கள். சிங்கப்பூரில் உங்கள் உடன்பிறந்தவர் யாராவது இருந்து அவரும் பங்குதாரர் என்றால், அவருக்கு மட்டும் அப்போஸ்டில் வழி உண்டு. அங்கே 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது, சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் வழங்குகிறது. எந்த வழியானாலும் காரைக்குடிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம், மாவட்டப் பதிவாளர், தீர்வை. வரைவை முதலில் உங்கள் சார்பதிவாளரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.